மணல் மேட்டுக்கு ஒரு பாதை

ரொறன்ரோ
யூலை 12

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பெரியக்காவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாகத் தம்பி சொன்னான். நான் விசாரித்ததாக அவரிடம் சொல். நெட்டையனின் மகள் கலியாணத்துக்கு வர முடியாமல் போனது எனக்குப் பெரிய குறை. அந்தக் கதையையெல்லாம் தொலைபேசியில் பேசிக்கொள்வோம்.

இன்று எழுதுவதற்குக் காரணம் உன் கடைசி மடலில் நம் வடமராட்சி மணற்காட்டின் மணல் மேடுகளைப் பற்றி நீ எழுதியிருந்த வரிகள். "ஆட்கள் வந்தால் மிதிபட்டு மணல் போகும், ஆட்கள் வராவிட்டால் கேட்பாரில்லை என்று டிப்பர் லொறி வந்து மணல் போகும், இனி இதைப் பேசிப் பயனில்லை" என்று எழுதியிருந்தாய். வகுப்பில் எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் வாதாடிய நீ இப்படிக் கைவிட்டு எழுதியது எனக்குப் பெரும் வருத்தமாக இருந்தது. உனக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தப் பதிலைக் கண்ணால் காணும் வாய்ப்புக் கிடைத்தது. அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன், பொறுமையாக வாசி.

மகள் வேலை மாற்றலாகிப் பிரின்ஸ் எட்வேர்ட் தீவுக்குப் போனது உனக்குத் தெரியும். யூன் கடைசியில் நாங்கள் அவளிடம் போயிருந்தபோது, தீவின் வடகரையில் சென் பீற்றர்ஸ் குடாவின் வாயருகே உள்ள கிறீனிச் என்ற இடத்துக்கு அவள் எங்களை அழைத்துப் போனாள். ஒரு பக்கம் குடா, மறு பக்கம் சென் லோறன்ஸ் வளைகுடா, நடுவில் நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துண்டு. அதன் கடலோரம் முழுவதும் மணல் மேடுகள். விடுதிகள் கட்டலாம் என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட இந்த நிலம் 1998 இல் தேசியப் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. தீவுக்கு வரும் கூட்டமெல்லாம் கவன்டிஷ் பக்கம் போய்விடுவதால் இங்கே ஆரவாரம் இல்லை. வாகனத் தரிப்பிடத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய கார்களே நின்றன.

அங்கிருந்து போகும் பாதைகளில் மணல் மேடுகளுக்குப் போவது போய்வர ஐந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. உன் முழங்காலும் தாங்கும் என்பதால் தூரத்தைச் சொல்கிறேன். முதலில் திறந்த புல்வெளி, பிறகு ஸ்புறூஸ் மரக்காடு. காட்டைத் தாண்டியதும் ஒரு குளம். அந்தக் குளத்தின் மேல் மிதக்கும் பலகைப் பாதை ஒன்றை வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார்கள். நடக்கும்போது பலகை காலடியில் மெல்ல அசைகிறது. இரு புறமும் சம்புப் புல், அதன் உச்சியில் தோளில் சிவப்புத் திட்டுள்ள கரிய பறவைகள். குளம் முடியும் இடத்தில் தலை நிமிர்த்தினால் மணல் மலை போல எழுந்து நிற்கிறது. மணல் ஏறி மூடிக் கொன்ற மரங்களின் வெளிறிய எலும்புக்கூடுகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்ததும் மணற்காட்டில் பாதி புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயிற் சுவர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. மணல் நகரும் என்று பூமிசாஸ்திர வாத்தியார் படிப்பித்ததை நாம் அந்தச் சுவரில் ஏறி நின்றுதானே நம்பினோம்.

அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது ஒரு புல். ஆங்கிலத்தில் மறம் (marram) என்று அதற்குப் பெயர். நம் ஊரில் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. பெரும்பாலான செடிகள் மணலில் புதைந்தால் சாகும். இதுவோ புதையப் புதையத்தான் செழிக்கிறது. மேலே மணல் விழ விழ, அதன் தண்டு மேல் நோக்கி வளர்ந்து புதிய வேர்களை விடுகிறது. பழைய வேர்கள் கீழே வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. வெயில் ஏறினால் இலை தன்னைத் தானே குழலாகச் சுருட்டி ஈரத்தைக் காத்துக்கொள்கிறது. நான் குனிந்து நெடுநேரம் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வளைந்து நிலத்தைத் தொடும் ஒரு தனி இலையின் நுனியைக் காற்று இப்படியும் அப்படியும் ஆட்ட, அந்த நுனி தன்னைச் சுற்றி மணலில் ஒரு வட்டத்தைக் கீறியிருந்தது. கவராயம் வைத்துக் கீறியது போன்ற சுத்தமான வட்டம். பக்கத்துப் புல்லுக்கும் ஒன்று, அதற்கடுத்ததற்கும் ஒன்று. காலடி படாத மணலில்தான் அந்த வட்டங்கள் இருந்தன.

இத்தனை வல்லமையுள்ள புல்லுக்கு மனிதனின் பாதம் ஆகாது. புயலைத் தாங்கும், புதைவைத் தாங்கும், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மிதித்தால் மட்டும் தாங்காது. ஒரு கொத்துப் பட்டுப்போனால் அந்த இடைவெளியால் காற்று நுழைகிறது. காற்று நுழைந்தால் மணல் அள்ளுப்படுகிறது. பக்கத்துப் புல்லின் வேர் வெளியே தெரிகிறது. பிறகு அதுவும் போகிறது. பெரிய மேடு ஒன்று பிளந்து போவதற்குச் சில பேர் குறுக்கு வழியாகக் கடலுக்கு இறங்குவதே போதும். அதனால்தான் அந்தப் பலகைப் பாதை. எவரையும் அவர்கள் தடுக்கவில்லை. கால் வைக்கும் இடம் இது என்று காட்டியிருக்கிறார்கள். வருபவர்களும் அந்த இடத்தில் மட்டுமே கால் வைக்கிறார்கள். குடும்பமாகப் பிள்ளைகளோடு வந்த ஒருவர், பலகையை விட்டு இறங்கப் போன தன் மகனின் கையைப் பிடித்து நிறுத்தி, புல்லைக் காட்டி விளக்கினார். அங்கே காவலர் எவரும் நிற்கவில்லை என்பதைக் கவனி.

கிறீனிச் மேடுகளில் இன்னொரு விசேஷம் உண்டு. நீ பூமிசாஸ்திரம் படிப்பிப்பவன் என்பதால் இதை விடாமல் எழுதுகிறேன். கடற்காற்று ஒரு மேட்டின் நடுப்பகுதியை உடைத்து உள்நாட்டுப் பக்கம் தள்ளுகிறது. இரு ஓரங்களும் புல்லால் பிடிபட்டு நின்றுவிடுகின்றன. அதனால் மேடு கடலைப் பார்த்துத் திறந்த ஒரு லாட வடிவத்தை எடுக்கிறது. அப்படி நகர்ந்து போகும் மேட்டின் பின்னால் ஈரமான பள்ளம் உண்டாகிறது. மேட்டின் பின் ஓரத்தில் புல் முளைத்துச் சிறிது மணலைப் பிடித்துக்கொள்ள, அது தாழ்ந்த வரப்பாக நின்றுவிடுகிறது. மேடு மேலும் நகர, இன்னொரு வரப்பு. இப்படி ஒன்றன் பின் ஒன்றாக வளைந்த வரப்புகள், மேடு நடந்து வந்த வழியை அப்படியே காட்டுகின்றன. வட அமெரிக்காவில் இது மிக அரிது. இந்த இடத்தைக் காப்பாற்ற அவர்கள் முனைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மேடுகளுக்கு இடையால் இறங்கினால் கடல். நீர் குளிர், கணுக்கால் வரைதான் என்னால் இறங்க முடிந்தது. கரையோரம் ஒரு பகுதியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். பைப்பிங் புளோவர் என்ற சிறு பறவை அங்கே கூடு வைத்திருந்தது. கூடு என்று சொல்ல முடியாது. மணலில் நெஞ்சால் அழுத்திய ஒரு குழி, அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். முட்டையும் மணல் நிறம், பறவையும் மணல் நிறம். அடைகாக்க நான்கு கிழமை செல்லும். கனடாவில் 1985 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஒரு பறவைக்காக நல்ல கடற்கரையின் ஒரு துண்டைக் கோடையில் மூடி வைத்திருக்கிறார்கள்; வந்தவர்கள் ஒரு சொல்லும் முணுமுணுக்காமல் சுற்றிப் போனார்கள்.

அந்த நிலத்துக்கு மனிதர்களின் துயரமும் உண்டு. அங்கே 1720 அளவில் அக்காடியர் என்ற பிரெஞ்சுக் குடிகள் வந்து ஊர் அமைத்தார்கள். 1758 இல் பிரித்தானியர் அந்தத் தீவைக் கைப்பற்றி, அவர்களைக் கப்பல்களில் ஏற்றி வெளியேற்றினார்கள்; சில கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கின. ஊர் இருந்த நிலத்தைச் சுற்றி இன்று ஒரு சிறு பாதை போகிறது. வயல் போலக் கிடக்கும் அந்தப் புல்வெளியைப் பார்த்தபடி நின்றபோது 1995 ஐப்பசிக் கடைசியும், வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து உங்கள் பக்கம் நடந்து வந்த இரவும் என் நினைவை விட்டு நகரவில்லை. உன் அம்மா அன்று எத்தனை குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டார் என்பதை நான் என் மகளுக்குச் சொன்னேன். அவள் இதுவரை கேட்டிராத கதை அது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். அந்தத் தீவு மென்மையான செம்மணற்கல்லால் ஆனது. 1968 முதல் 2010 வரை அதன் கரை ஆண்டுக்குச் சராசரியாக 28 சென்ரிமீற்றர் பின்வாங்கியதாக அளந்திருக்கிறார்கள். 2022 செப்ரெம்பர் 24 ஆம் திகதி ஃபியோனா புயல் அடித்தபோது பூங்காவின் மணல் மேடுகள் பல இடங்களில் மீற்றர் கணக்கில் அரிபட்டன. அப்படியிருந்தும் மேடுகள் தம் வேலையைச் செய்தன என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. புயல் அலை மேட்டின் முகத்தை அரித்துக் கொண்டுபோகும் மணல் பெரும்பாலும் கரைக்கு அண்மையில், நீருக்கடியில் திட்டாகப் படிகிறது. அந்தத் திட்டில் மோதி அடுத்த அலைகளின் வேகம் குறைகிறது. அமைதியான மாதங்களில் சிற்றலைகள் அந்த மணலை மெல்ல மெல்லக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன; காற்று அதைப் புல்லிடம் சேர்க்கிறது; மேடு திரும்பவும் வளர்கிறது. கெட்ட காலத்துக்கென்று வீட்டில் எடுத்து வைக்கும் சேமிப்பைப் போன்றது அந்த மணல். கடல் எடுத்தால் திருப்பித் தரும். டிப்பர் எடுத்தால் எது திரும்பி வரும்?

2004 மார்கழி 26 சுனாமியின் பிறகு இதை நமக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. வடமராட்சி கிழக்கில் அன்று என்ன நடந்தது என்பதை நீ கண்ணால் பார்த்தவன். மணற்காட்டில் மணலுக்குள் நிற்கும் சிலுவைகளை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு தெற்கே யால பக்கத்தில் ஆய்வாளர்கள் கண்டதையும் கேள். கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்னிருந்த மணல் மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி முற்றாக அழிந்தது. மேடு குலையாமல் நின்ற அயலில் சேதம் அவ்வளவு இல்லை. மணல் மேட்டை அழகுக்காகக் காப்பாற்றச் சொல்கிறேன் என்று எவரும் நினைக்காதபடி இதை நீ எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆட்கள் வந்தால் மணல் போகும் என்ற உன் வாதத்துக்கு என் பதில் இதுதான்: பாதை இல்லாத இடத்துக்கு ஆட்கள் வந்தால் போகும். பாதை போட்டு, அந்தப் புல் ஏன் அங்கே நிற்கிறது என்று விளக்கி ஒரு பலகையும் வைத்தால், வருகிற ஒவ்வொருவரும் அந்த மேட்டுக்குக் காவலாகிறார். பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் நடந்து போகும் மேட்டில் இரவில் மணல் அள்ளப்பட்டால் திங்கட்கிழமை வகுப்பில் அது பேச்சாகும். யாருமே போகாத மேட்டில் அள்ளினால் யாருக்குத் தெரியும்? வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கானோர் மணலைக் கடந்து கற்கோவளம் வரை நடக்கிறார்கள். நாமும் சிறுவராக இராவணன் மீசையின் உருண்டைகள் காற்றில் ஓட ஓடத் துரத்திக்கொண்டு அந்த மணலில் போனவர்கள்தான். அந்தச் சனத்துக்கு மணல் மேல் பற்று இல்லை என்று சொல்லாதே. அந்தப் பற்றுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் ஊர் மணலில் முளைத்த பழமொழி.

கிறீனிச்சில் உள்ளதைப் போன்ற மிதக்கும் பாதைக்குப் பணம் கேட்டு எவரிடமும் போகச் சொல்லவில்லை. பனஞ்சலாகைகளும் கயிறும் போதும்; இருபது முப்பது மீற்றர் நீளத்தில் ஒரே ஒரு வழி, மேட்டின் தாழ்ந்த இடத்தால், காற்று நேரே நுழையாதபடி சற்று வளைத்து. மற்ற ஒற்றையடிப் பாதைகளின் வாயில் அடம்பன் கொடியை நடுங்கள். மாரி மழையோடு அது பிடித்துக்கொள்ளும். சவுக்கை மேலும் மேலும் நட வேண்டாம் என்பது என் கருத்து. அதன் சருகு மூடிய நிலத்தில் வேறு செடிகள் அதிகம் முளைப்பதில்லை. நம் சட்டத்தில் கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கரையின் இயல்பை மாற்றக்கூடிய எதைச் செய்வதென்றாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நமக்கும் வேண்டும், மணல் அள்ளுகிறவர்களுக்கும் வேண்டும். ஆகவே முதல் வேலை ஒரு நல்ல கடிதம். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய பகுதியை என்னிடம் விடு.

நீ உன் உயர்தர மாணவரைக் கூட்டிக்கொண்டு போய் மேட்டின் உயரத்தை ஒரு கயிற்றாலும் இரண்டு தடிகளாலும் அளந்து, அதே இடத்தில் மாதம் ஒரு படம் எடுக்கத் தொடங்கு. மாரிக்கு முன் ஓர் அளவும் மாரிக்குப் பின் ஓர் அளவும் இருந்தால் எந்த அதிகாரியின் முன்னும் நாம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. சைக்கிள்கடை அண்ணையின் மகன் பிரதேச சபையில் இருக்கிறான் அல்லவா, அவனிடமும் பேசு. உன் குரலுக்கு அவன் இன்னும் பயப்படுவான்.

புரட்டாதித் தீர்த்தத்துக்கு வருவதற்கு நான் பயணச்சீட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் கடிதத்தின் முதல் வரைவை எழுதி அனுப்பு. கிறீனிச்சில் எடுத்த படங்களைத் தனியே அனுப்புகிறேன். பலகைகளை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்பதைக் கிட்ட நின்று எடுத்திருக்கிறேன், நம் ஊர்த் தச்சரிடம் காட்டு.

அன்புடன்,
உன் நண்பன்