மே மாதத்தில் இலந்தைக் கவாத்து

ஜோத்பூர்,
மே மாதக் கடைசி.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. பேத்திக்கு என் முத்தம்.

இங்கே வெயில் 45 டிகிரியைத் தொடுகிறது. இந்த அனலில்தான் எங்கள் இலந்தை மரங்களை ஒட்ட வெட்டினோம். எனக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. பக்கத்து நிலத்துப் பெரியவர்தான் மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மார்ச்சோடு காய்ப்பு முடிந்து, இலையெல்லாம் கொட்டிக் கிடந்தது. இந்தப் பக்கத்து இலந்தைக்குக் கோடைதான் தூக்கக் காலமாம். வருஷத்துக்கு 350 மில்லிமீட்டர் சொச்சம் மழை பெய்கிற ஊரில், இலையை வைத்துக்கொண்டு ஈரத்தை ஆவியாக விட மரத்துக்குக் கட்டுப்படியாகாது. தூங்குகிற மரத்தை வெட்டினால் அதற்கு நஷ்டம் குறைவு. ஜூலையில் மழை விழுந்ததும் புதுக்கிளை சரசரவென்று கிளம்பும். செப்டம்பரில் பூப்பது அந்தப் புதுக்கிளையில்தான். வெட்டாமல் விட்டால் உள்ளே அடைசலாகிப் பழம் சிறுத்துப்போகும், குளிரில் சாம்பல் நோயும் சுலபமாகப் பிடிக்கும்.

எவ்வளவு வெட்டுவது என்று கேட்பாய். போன வருஷக் கிளையில் அடியிலிருந்து 15, 20 கணுவை விட்டுவிட்டு மீதியை எடுத்துவிட வேண்டும். பக்கக் கிளைகளும் போக வேண்டும். ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே துளிர்க்கிற நாட்டு இலந்தையை விட்டாயோ, கொஞ்ச நாளில் மேலே இருக்கும் நல்ல மரத்தை அமுக்கிவிடும். வெட்டிய முள்கிளையெல்லாம் ஆடு நுழையாமல் வேலிக்கு ஆயிற்று.

ஆனால் வாசலில் நிற்கும் வன்னி மரத்திடம் இந்தக் கணக்கு செல்லாது. மற்ற மரங்கள் வாடும்போது அது பச்சையாகத் தழைக்கிறது. அதன் தழைக்கு இங்கே லூங் என்று பெயர். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அதுதான் தீவனம் என்பதால் நவம்பர், டிசம்பரில் கழிப்பார்கள். முழுக்க மொட்டையடித்த மரம் அடுத்த கோடையில் காய்க்காது. காய் இல்லையென்றால் அதில் சமைக்கிற சாங்ரிக் கறியும் இல்லை! அதனால் உச்சியில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல், கீழ்க்கிளைகளை மட்டும் கழிக்கிறேன். வருஷா வருஷம் ஒரு கிளைகூட விடாமல் உருவிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. இந்த மரத்தை வெட்டக்கூடாது என்று 1730-இல் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்த கேஜர்லி கிராமம் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வன்னியின் கீழே கத்தரியோடு நிற்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, உன் கிணற்றடி இலந்தைக்கு வருகிறேன். இங்கே மே மாதத்தில் வெட்டினோம் என்பதற்காக நீயும் உடனே கத்தரியை எடுக்காதே. உங்களுக்கு ஐப்பசி மழைதான் பெரிய மழை, மரத்தின் போக்கும் அதற்கேற்ப மாறும். எப்போது இலை கொட்டுகிறது, எப்போது துளிர்க்கிறது என்று ஒரு வருஷம் குறித்து வை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அப்புறம், ஜனவரியில் இங்கே வந்துவிடேன். இலந்தையில் கோலா ரகம்தான் முதலில் பழுக்கும். பழம் பறிக்க எனக்கும் ஆள் வேண்டும்.

அன்புடன்,
வசந்தா