சிறுநீர் காட்டிக்கொடுத்த சன்ஸ்கிரீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளாஸ்டிக் டப்பாவில் சூடான சாப்பாடு வைக்காதீர்கள் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள், சரி. ஆனால் பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் தாலேட் ரசாயனங்கள் டப்பா வழியாக மட்டுமா உடம்புக்குள் போகின்றன? ஜெர்மனியின் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் மழலையர் பள்ளிக் குழந்தைகளின் சிறுநீரை அரசே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கிப் பரிசோதிக்கிறது. அதில் மோனோ-என்-ஹெக்சைல் தாலேட் என்ற பொருள் 2017-18இல் 26 சதவீத மாதிரிகளில் இருந்தது, 2020-21இல் 61 சதவீதமாகிவிட்டது. இது எந்த தாலேட் உடைந்து வருகிறதோ, அது இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்று ஐரோப்பா கட்டுப்படுத்திய ரசாயனம். அப்புறம் எப்படி வந்தது? 2024இல் துருவிப் பார்த்தபோது முக்கியமாகச் சிக்கியது சன்ஸ்கிரீன். அதில் சேர்க்கும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் ஒன்றில் தயாரிப்பின்போதே கலந்திருந்த அசுத்தம்! பொம்மையையும் டப்பாவையும் மட்டும் சோதித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

ரத்தம் எடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். தாலேட்டுகள் உடம்பில் தங்குவதில்லை, பெரும்பாலும் ஓரிரு நாளில் உடைந்து சிறுநீரில் போய்விடும். இன்னொன்று, மாதிரி எடுக்கும் குழாயிலேயே தாலேட் இருக்கலாம், அதனால் உடம்பு உடைத்துத் தள்ளிய பொருளை அளந்தால்தான் நம்பலாம். நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்குமே என்பதற்கு, உடம்பு ஏறக்குறைய சீராகச் சிறுநீரில் தள்ளும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறார்கள்.

ஆனால் ஒருவர் ஒரே ஒரு தடவை கொடுத்த மாதிரி பெரும்பாலும் நேற்றைய கதையைத்தான் சொல்லும். அதை வைத்துப் பயமுறுத்தி யாராவது பரிசோதனை பேக்கேஜ் விற்றால் காசு கொடுக்காதீர்கள். ஊர் ஊராக, வருடக்கணக்கில் அரசு எடுத்தால்தான் பயன், அதை உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருச்சி