அடிபடுவது வரிசையில் நின்றவர்கள்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சில நாட்டவர் உள்ளே வர அமெரிக்கா போடும் பயணத் தடை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எந்தெந்த நாடுகள் பட்டியலில் இருக்கின்றன என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதில் மாட்டிக்கொள்வது யார் என்று கேட்பாரில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

அமெரிக்கா 2025 ஜூன் 9 முதல் 12 நாட்டவருக்கு முழுத் தடையும் 7 நாட்டவருக்குப் பகுதித் தடையும் போட்டது. 2026 ஜனவரி 1 முதல் பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. அந்த நாடுகளின் ஆவணங்களை நம்ப முடியவில்லை, விசா முடிந்தும் பலர் திரும்புவதில்லை என்பவை முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. தன் எல்லைக்குள் யாரை விடலாம் என்று முடிவு செய்ய எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு, சரி. ஆனால் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுக்கு எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று பாருங்கள். சுற்றுலா, வணிக விசாவில் போனவர்களில் 49.54 சதவீதம் பேர் காலம் கடந்தும் தங்கிவிட்டார்களாம். கேட்டால் பகீர் என்கிறது, ஆனால் அந்தக் கணக்கில் வந்தவர்கள் மொத்தமே ஆயிரம் பேர்கூடக் கிடையாது. சில நூறு பேர் செய்ததற்குச் சுமார் 2 கோடி மக்களுக்குக் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களுக்குத்தான் முதல் அடி. ஏமனில் அமெரிக்கத் தூதரகம் 2015இல் மூடப்பட்டுவிட்டது. அதனால் விசா நேர்காணலுக்காகப் பல ஏமன் குடும்பங்கள் போருக்கு நடுவே கிளம்பி, கடல் கடந்து ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டிக்குப் போய், வாடகை கொடுத்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. அமெரிக்கா 2017இல் போட்ட முந்தைய பயணத் தடை அவர்களை அங்கேயே நிறுத்தியது. முன்னே போகவும் வழியில்லை, திரும்பிப் போனால் போர். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற அனுமதி தரும் கிரீன் கார்டு குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் பாடு இன்னும் மோசம். போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் முடிந்திருந்தாலும் அந்த நிதியாண்டின் செப்டம்பர் 30க்குள் விசா கைக்கு வராவிட்டால் அவ்வளவுதான், அடுத்த ஆண்டுக்கு அது செல்லாது. தடை பிறகு நீங்கினாலும் போன வாய்ப்பு போனதுதான்.

குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. 2025 ஜூன் உத்தரவில் அமெரிக்கக் குடிமக்களின் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கு விலக்கு இருந்தது. 2026 ஜனவரியில் அமலுக்கு வந்த டிசம்பர் உத்தரவு அதையும் எடுத்துவிட்டது. எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

அப்புறம் ராஜதந்திரம். 2017 செப்டம்பரிலும் சாட் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பாஸ்போர்ட் அச்சடிக்கும் தாள் தீர்ந்துபோய், அமெரிக்கா கேட்ட மாதிரி பாஸ்போர்ட்டைக் கொடுக்க முடியாததும் ஒரு காரணம் என்று அப்போது செய்தி வந்தது. போகோ ஹராம் தீவிரவாத அமைப்பை எதிர்த்துப் போரிடும் கூட்டாளி நாட்டுக்கு இந்த மரியாதை! 2018 ஏப்ரலில் பெயரை எடுத்தார்கள், 2025இல் திரும்பவும் சேர்த்தார்கள். இந்தத் தடவை சாட் அதிபர் பொறுக்கவில்லை, அமெரிக்கர்களுக்கு விசா தருவதை நிறுத்தச் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் மாலியும் புர்கினா பாசோவும் அமெரிக்கர்களுக்குப் பதில் தடை போட்டன. ஆவணங்களைச் சரிபார்க்க அந்த அரசுகளின் ஒத்துழைப்புதான் தேவை, அதையே முறித்துக்கொண்டு யாரிடம் தகவல் கேட்பார்கள்? 2017 மார்ச்சில் ஈராக்கைப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு பட்டியலிலிருந்து நீக்கினார்களே, அந்த வழி மற்றவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் விசாரித்து, சந்தேகம் உள்ளவருக்கு விசாவை மறுக்கட்டும், அதற்குத்தானே தூதரக அதிகாரிகள் இருக்கிறார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பட்டியல் வரும்போது நாடுகளின் பெயரோடு நிறுத்திவிடாமல், யாருக்கு விலக்கு, கையில் விசா வைத்திருப்பவர் நிலை என்ன, நேர்காணல் முடித்தவர் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்