விடுதலைப் பயணம் ஐந்தாம் அதிகாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழைகளுக்குத் திருச்சபை செய்ய வேண்டியது என்ன என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஏழைக்கு உணவும் உடையும் கொடுப்பது கிறிஸ்தவரின் கடமை என்கிறார் கட்டுரையாளர். அதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் அடுத்த பக்கத்திலேயே, ஏழைகளின் விடுதலையை நற்செய்தியின் மையமாகப் பார்க்கும் விடுதலை இறையியல் என்பது குருக்களின் அங்கிக்குள் புகுந்த கம்யூனிசம், ஜெபத்தைக் கைவிட்டு அரசியலைப் பிடித்துக்கொண்ட கூட்டம் என்று எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

எங்கள் பங்கில், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவான அன்பியத்தின் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்போம். மாதக் கடைசியில் அதைச் சேர்த்து, இல்லாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அப்படி நாங்கள் போகும் வீடுகளில் ஒன்று, செங்கல் சூளைக்குப் போய்வரும் ஒரு குடும்பம். தை பிறந்ததும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் போய்விடுவார்கள். சீசன் முடிந்து ஆடியில் திரும்பி வரும்போது கையில் காசு இருக்காது. ஆடி முதல் மார்கழி வரை எங்கள் அரிசிதான். நாலைந்து வருஷம் இப்படியே போயிற்று. ஆறு மாதம் ராத்திரி பகலாக வேலை செய்த குடும்பம் ஏன் வெறுங்கையோடு வருகிறது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் அன்பியக் கூட்டம் அந்த வீட்டில் நடந்தது. அன்றைய வாசகம் விவிலியத்தின் விடுதலைப் பயணம் நூலின் ஐந்தாம் அதிகாரம். எகிப்தில் இஸ்ரயேலர் செங்கல் அறுக்கிறார்கள். இனி வைக்கோல் தர மாட்டோம், நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கல் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்கிறான் பார்வோன். முறையிட்டவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிறான். வாசித்து முடித்ததும் அந்த அம்மா, "இன்னொரு தடவை படிங்கம்மா" என்றார். படித்தேன். "மழை பெஞ்சு பச்சைக்கல் கரைஞ்சு போனா அதுக்குக் கூலி இல்ல. ஆனா எண்ணிக்கை குறையக் கூடாது. கேட்டா சோம்பேறின்னுதான் எங்க மேஸ்திரியும் சொல்வாரு" என்றார். அப்புறம் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து சூளைக் கணக்கு எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்த எனக்கே அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்க இரண்டு சாயங்காலம் ஆயிற்று. கணவரின் ஆபரேஷனுக்காக வாங்கிய முன்பணம் 40,000 ரூபாய். இரண்டு சீசன் முழுக் குடும்பமும் கல் அறுத்த பிறகு பாக்கி 62,000 ரூபாய்.

ஏழை தன் வாழ்க்கையை விவிலியத்தோடு வைத்துப் பார்த்து, தன் வறுமைக்குக் காரணம் கேட்பதைத்தான் விடுதலை இறையியல் என்கிறார்கள். எந்தக் கட்சிக்காரரும் அன்று அந்த வீட்டுக்கு வரவில்லை. மார்க்ஸ் பெயரை அந்த அம்மா கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். தன் வாழ்க்கையை விவிலியத்துக்குள் அவர் தானாகவே கண்டுகொண்டார். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் லீமா நகரத்து ஏழைகள் நடுவே பங்குப் பணி செய்த குஸ்தாவோ குத்தியேரெஸ் என்ற குருவானவர் 1971இல் விடுதலை இறையியல் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது செய்ததும் இதுதான். இறையியல் என்பது இரண்டாவது படி, ஏழைகளோடு வாழ்வதும் ஜெபிப்பதும்தான் முதல் படி என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். 2024 அக்டோபரில் தமது 96ஆம் வயதில் அவர் இறக்கும்வரை திருச்சபை அவரைக் கண்டித்ததே இல்லை. ஜெபத்தைக் கைவிட்டவர் என்று அவரைச் சொல்வது நியாயமா?

விடுதலை இறையியலைப் பற்றி 1984இல் வத்திக்கான் ஓர் ஆவணத்தில் எச்சரித்ததைக் கட்டுரையாளர் சுட்டிக்காட்டுகிறார். உண்மைதான். அந்த எச்சரிக்கைக்குக் காரணமும் இருந்தது. வர்க்கப் போராட்டத்தையே நற்செய்தி ஆக்கிவிடும் ஆபத்து சிலரிடம் இருந்தது. அதற்கு முன்பே கொலம்பியாவில் கமிலோ தோரஸ் என்ற குரு கெரில்லாக்களோடு சேர்ந்து 1966இல் சண்டையில் இறந்துபோனார். அந்தப் பாதையை நான் ஏற்கவில்லை. ஆனால் அதே 1984 ஆவணத்தின் முன்னுரையைக் கட்டுரையாளர் படித்தாரா என்று கேட்கிறேன். ஏழைகளின் துயரத்தைக் கண்டும் காணாமல் இருப்பவர்கள் இந்த எச்சரிக்கையைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறது. பிற்பாடு அந்த ஆவணத்தை வெளியிட்ட துறைக்கே தலைவராக வந்த ஜெர்ஹார்டு முல்லர், குத்தியேரெஸின் நண்பர். இருவரும் சேர்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார்கள்.

மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வதோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1977இல் அவர் பேராயர் ஆனபோது, இவரால் வம்பு வராது என்று பணக்காரர்கள் நிம்மதி அடைந்தார்கள். மூன்றே வாரத்தில், கரும்புத் தோட்டக் கூலிகளோடு நின்ற ருத்திலியோ கிராந்தே என்ற இயேசு சபைக் குருவையும், உடன் சென்ற ஒரு முதியவரையும் ஒரு சிறுவனையும் சுட்டுக் கொன்றார்கள். அன்றிரவு அந்த மூன்று உடல்களின் முன்னால் நின்றார் ரொமேரோ. அதற்குப் பிறகு ஞாயிறு மறையுரைகளில் அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பெயர்களை வாசித்தார். நாடு முழுக்க ரேடியோவில் கேட்டது. 1980 மார்ச் 23 அன்று, கடவுளின் பெயரால் கொலைகளை நிறுத்துங்கள் என்று படையினருக்குச் சொன்னார். மறுநாள் மாலை மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டார்கள். பலிபீடத்தில் நின்றபடி குண்டடி பட்டு உயிர்விட்டவர் அவர். 2018இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

நம் ஊருக்கு இது அப்படியே பொருந்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே வறுமைக்குச் சாதி உண்டு. கூலி, முதலாளி என்று மட்டும் பேசினால் பாதிதான் புரியும். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் 1980களில் தலித் இறையியலைத் தொடங்கி வைத்தது அதனால்தான். சூளைக்குப் போகும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் எந்தத் தெருவிலிருந்து போகின்றன என்று பார்த்தாலே அது விளங்கிவிடும்.

சரி, அப்படியானால் பிடியரிசி வேண்டாமா? வேண்டும். பெருவில் ஆயராக இருந்த திருத்தந்தை பதினான்காம் லியோ, 2025 அக்டோபரில் ஏழைகள் மீதான அன்பைப் பற்றி வெளியிட்ட மடலில் அநீதியான அமைப்புகளைக் கடுமையாகச் சாடுகிறார். ஆனால் முடிக்கும்போது பிச்சையிடுவதைப் பற்றித்தான் பேசுகிறார். அதை விட்டுவிடாதீர்கள் என்கிறார். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மடலில் சொல்ல முடிகிறது. கட்டுரையாளர் ஏன் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளுகிறார் என்பது எனக்குப் புரியவில்லை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பெண்கள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி இப்படிப்பட்ட கடன் செல்லாது. மூன்று முறை அலைந்தோம். நான்காம் முறை விசாரணை நடந்து, விடுவிப்புச் சான்று கைக்கு வந்தது. இந்தத் தை மாதம் அவர்கள் சூளைக்குப் போகவில்லை. மூத்த பையன் நின்றுபோன பள்ளிக்கூடத்துக்கே திரும்பவும் போகிறான். அந்த அம்மாவுக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை, அதனால் மாதக் கடைசியில் அந்த வீட்டுக்கு அரிசி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.