வேலையைக் கொடுத்தால் சாவியையும் கொடுங்கள்

ரங்கூன் தமிழ்ச் சபைகளின் போதகர் ஐயாமாருக்கும், கமிட்டி அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

எந்த ஒரு சபையின் மேலும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத்தான் எழுதுகிறேன். அது உங்கள் காதுக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே கமிட்டிக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

2024 பிப்ரவரியில் இங்கே ராணுவ அரசு கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. சட்டத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அந்த வயதுக் கணக்கை வாலிபர் சங்கப் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள், போதும். கீபோர்டு வாசித்த தம்பி தாய்லாந்தில் இருக்கிறான். சவுண்ட் பார்த்தவன் எங்கே என்று அவன் அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. கீபோர்டு மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறது. போனில் போடும் இசைக்குப் பாடுகிறோம். கரண்ட் போனால் கஞ்சிரா மட்டும்.

போனவர்களின் வேலையெல்லாம் யார் தலையில் விழுந்தது? ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, வியாதியஸ்தரைப் பார்க்கப் போவது, சமையல் எல்லாம் அதே நாலைந்து அக்காமார் தலையில்தான். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. வேலை கை மாறிய அளவுக்கு அதிகாரம் கை மாறவில்லையே, அதுதான் வருத்தம்.

ஒன்று சொல்கிறேன். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, பாதி ஆராதனையில் டீசல் தீர்ந்தால் தன் பர்ஸிலிருந்து பணம் கொடுத்து வாங்குகிறார். கேட்டு வாங்கலாம் என்றால் பொருளாளருக்கு லைன் கிடைக்காது. பிறகு ரசீது, கமிட்டி, ஒப்புதல். நம் பர்மாப் பணமான கியாட்டின் மதிப்பு இறங்குகிற வேகத்தில், பணம் கைக்கு வரும்போது அதே காசுக்கு முக்கால் கேன்கூட வராது. இதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். நீங்களோ அடுத்த வாரம் 'நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருங்கள்' என்று பிரசங்கம் செய்கிறீர்கள். நல்ல பிரசங்கம்தான். ஆனால் டீசல் செலவுக்கென்று ஒரு தொகையை மாதத் தொடக்கத்திலேயே அவர் கையில் கொடுத்திருந்தால் அந்தப் பிரசங்கத்துக்கே தேவை இருந்திருக்காது.

அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தை நீங்களே எத்தனையோ தடவை போதித்திருக்கிறீர்கள். அன்றாடம் சாப்பாடு கொடுக்கும்போது தங்கள் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசும் யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். முறுமுறுப்பு பாவம் என்று அப்போஸ்தலர்கள் அவர்கள் வாயை அடைக்கவில்லை. பந்தி விசாரணையை, அதாவது சாப்பாடு பகிர்ந்து கொடுக்கும் வேலையை, தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்லி, கைகளை வைத்து, பொறுப்பை முழுதாக ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பாருங்கள், ஸ்தேவான் தொடங்கி நிக்கொலா வரை எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே விசாரணை போனது போலத்தான் தெரிகிறது. நம் கமிட்டிகளில் குறை சொன்னவருக்கு அடுத்த தேர்தலில் இடமே கிடைப்பதில்லை.

ஆட்கள் போவதும் மிச்சமிருப்பவர்கள் பொறுப்பெடுப்பதும் பர்மாவில் நமக்குப் புதிதா என்ன? 1942-ல் ஜப்பான் படை வந்தபோது ஊரே கால்நடையாக இந்தியாவுக்குப் போனது. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது இன்னொரு கூட்டம் கப்பலேறியது. 1966-ல் வெளிநாட்டு மிஷனரிமாரை அனுப்பிவிட்டார்கள். அப்போதெல்லாம் மிச்சமிருந்தவர்கள் கைக்குச் சாவி வந்தது. யாரும் அவர்களை நம்பிக் கொடுக்கவில்லை, கொடுப்பதற்கு வேறு ஆளில்லை. அவர்கள் சபைகளைக் காப்பாற்றினார்கள். அந்தத் தாத்தாமாரின் பேரன்கள்தான் இன்று கமிட்டியில் இருக்கிறீர்கள்.

சில கூட்டங்களை நிறுத்தவும் தைரியம் வேண்டும். நன்றாக ஆளிருந்த காலத்து அட்டவணையை அப்படியே ஓட்டுகிறோம். வாரநடு வீட்டு ஜெபத்தை மாதம் ஒருமுறை என்று ஆக்கினால் பரலோகம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. இருட்டிய பிறகு பயந்து பயந்து வீடு திரும்புகிற வயதானவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளையும் பாருங்கள். தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள் என்று சலித்துக்கொள்கிறீர்கள். 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு மாந்தலேக்கு அரிசியும் தார்ப்பாயும் சேர்த்தபோது, யாருக்கு என்ன வேண்டும் என்று பர்மிய மொழியில் போனில் விசாரித்து எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். பெரியவர்கள் பேனர் எங்கே கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகவே வருகிற ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சபைக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களில் இரண்டு பெண்கள் இருக்கட்டும். எந்தக் குழுவிடம் வேலை இருக்கிறதோ அந்தக் குழுவிடமே அதற்கான பணமும், அலமாரிச் சாவியும், முடிவெடுக்கும் உரிமையும் இருக்கட்டும். கணக்கை மாதம் ஒருமுறை நீங்கள் தாராளமாகச் சரிபாருங்கள். அப்புறம் அந்த டீசல் அக்காவுக்குப் பாக்கி இருப்பதை இந்த ஞாயிறே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாதர் சங்கத்துச் சகோதரி ஒருத்தி
ரங்கூன்