பாலுவுக்குப் பரவாயில்லை

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லோரும் நலம், ஒருவனைத் தவிர. உன் பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இப்போது எழுதுவது பாலுவுக்காக. பயப்படாதே, நடக்கிறான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல எல்லோரையும் வைதுகொண்டு.

மாசியில் அவனுக்கு வயிற்றுப்போக்கு. அது நின்ற கொஞ்ச நாளில் பாதம் மரத்தது. பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. முதலில் காட்டிய இடத்தில் வயசாகிவிட்டது என்று சத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். குளியலறையில் விழுந்த பிறகுதான் நரம்பியல் டாக்டரிடம் போனோம். சுத்தியலால் முட்டியில் தட்டினார், கால் அசையவே இல்லை. "கில்லன் பாரே" என்றார். வயிற்றுக் கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி நரம்பின் உறையைத் தின்கிறதாம். 1916இல் பிரெஞ்சு ராணுவ வீரர்கள் இருவரிடம் இதைக் கண்டு எழுதியவர்கள் மூன்று பேர்: கில்லன், பாரே, ஸ்ட்ரோல். மூன்றாமவர்தான் மின்கருவி வைத்து அளந்தவர். அவர் பெயரைத்தான் விட்டுவிட்டார்கள். காலமெல்லாம் மின்வாரியத்தில் குப்பை கொட்டிய எனக்கு இது புதிதா?

காலுக்காக யாரும் பயப்படவில்லை. மூச்சுத் தசைக்கு ஏறினால் வென்டிலேட்டர். அதனால் தினமும் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். கபடியில் பாட ஆரம்பித்தால் எதிரணியே சோர்ந்துபோகும், அந்த பாலு இருபதில் திணறினான். மறுநாள் அதற்கும் கீழே. "நாளைக்கு எத்தனை எண்ணுவார் அண்ணே?" என்று காந்திமதி வராந்தாவில் கேட்டாள். என்னிடம் பதிலில்லை, மூர்த்தி. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி ஏற்றினார்கள். எண்ணிக்கை இறங்குவது நின்றது.

இனி நான் சொல்லத் துடிக்கும் விஷயம். நரம்பில் சேதி ஓடும் வேகத்தை அளக்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்டுக்கு நான்தான் கூடப் போனேன். கட்டைவிரலின் அடிச்சதையில் எலக்ட்ரோடு ஒட்டி, மணிக்கட்டில் ஒரு ஷாக். விரல் துள்ளியது. அப்புறம் முழங்கையில் ஒரு ஷாக். மறுபடி துள்ளியது. டெக்னீஷியன் பேனாவால் புள்ளி வைத்து, டேப் பிடித்து இரண்டுக்கும் நடுவே அளந்தார். தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம். "ஒரு ஷாக் போதாதா சார்?" என்றேன். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் சேதி மின்சாரமாகத் தாண்டுவதில்லையாம்; அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கொட்டித்தான் தசையை எழுப்புகிறது. அதில் ஒரு தாமதம். இரண்டு ஷாக்கிலும் அந்தத் தாமதம் ஒன்றே, கழித்தால் அடிபட்டுப் போகும். நரம்பில் ஓடிய நேரம் மட்டும் மிஞ்சும். எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து தேடினால், இதே கழித்தலை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1850இலேயே கோனிக்ஸ்பெர்க்கில் செய்து முடித்திருக்கிறார். நரம்பின் வேகத்தை அளக்க வழியே கிடைக்காது என்று எழுதிவைத்தவர் அவருடைய குரு முல்லர். சீடர் தவளையின் கால் நரம்பை எடுத்து, தசைக்கு அருகே ஒரு தடவை, தள்ளி ஒரு தடவை தூண்டினார். மில்லிநொடிக் கணக்கில் வித்தியாசம் வந்தது. நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். பாலுவின் கைக்கு வந்தது 28! நல்ல கை என்றால் 50ஐத் தொட வேண்டும். பியூசி லேபில் தவளையைக் கண்டு மேஜைமேல் ஏறி நின்றவனிடம் இதைச் சொல்லாமல் விடுவேனா? சிரித்ததில் அவனுக்கு இருமலே வந்துவிட்டது.

நம் கம்பியில் ஸ்விட்சைத் தட்டினால் அடுத்த ஊரில் அந்தக் கணமே தெரியும். நரம்பு ஏன் இப்படி நடக்கிறது? ஒரு முனையில் போட்டது மறுமுனைக்கு ஓடுவதில்லை, அதுதான் காரணம். நரம்பிழையின் உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. சேதி வந்த இடத்தில் சோடியம் உள்ளே பாய்ந்து அது தலைகீழாகிறது. பொட்டாசியம் வெளியேறிச் சரிசெய்கிறது. பார்த்த பக்கத்து இடமும் அதையே முழுசாகச் செய்கிறது. ராத்திரி தெருமுனை நாய் குரைத்தால் அடுத்த நாய் தன் சொந்தத் தொண்டையில் குரைக்குமே, அப்படி. ஊர்க்கோடி வரை சத்தம் தேயாது. இப்போதுதான் குரைத்தது மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதால் சேதி திரும்பியும் வராது. கணவாய் என்ற கடல் பிராணியின் தடித்த நரம்பிழையில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை அளந்து, 1952இல் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். கையால் சுற்றும் கணக்குப்பொறியில் போட்ட கணக்கு, ஐயா!

நரம்பிழையின்மேல் மயலின் என்ற உறை இருந்தால் வீட்டுக்கு வீடு குரைக்க வேண்டாம், தெருவுக்கு ஒன்று போதும். உறையின் இடைவெளிகளில் மட்டும் சோடியம் பாய்கிறது, வேகம் எகிறுகிறது. பாலுவுக்குப் போனது அந்த உறை.

அந்த 28ஐப் பார்த்து நான் இடிந்துபோனேன். டாக்டரோ திரையில், தசை துள்ளும்போது எழும் அலையின் உயரத்தைக் காட்டினார். வேகம் குறைந்தால் உறைதான் போயிருக்கிறது, வாரங்களிலோ மாதங்களிலோ திரும்ப வளரும். உயரம் விழுந்தால் பெரும்பாலும் உள்ளிழையே அறுந்திருக்கும். அது வளர்வது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில். இடுப்பிலிருந்து பாதம் வரை நீயே கணக்குப் போட்டுக்கொள். பாலுவுக்குக் கையில் உயரம் நன்றாகவே இருக்கிறது. காலில் கொஞ்சம் குறைவு. அந்தக் 'கொஞ்சம்'தான் எனக்கு ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவனிடம் சொல்லவில்லை, நீயும் உளறாதே.

சித்திரைக்கு வருகிறாய்தானே? காலையில் பிசியோதெரபி இருக்கும், மத்தியானத்துக்கு மேல் போகலாம். ஊசி விலை நம் மூவரின் பென்ஷனையும் தின்னும் விலை. காந்திமதி கேட்க மாட்டாள். நான் ஒரு தொகை கொடுத்திருக்கிறேன், உன்னால் முடிந்ததைக் கவரில் போட்டு என்னிடம் கொடு. அப்படியே சாத்தூர் சேவு வாங்கி வா. டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்,
ராமு