பவுடர் வாங்கும் முன் சாப்பாட்டைக் கணக்குப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் நம் பகுதி இளைஞர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன், மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் கடன் வாங்கியாவது சாப்பிடும் புரோட்டீன் பவுடர், உடல் எடையைக் கூட்டும் என்று விற்கும் மாஸ் கெய்னர் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் பாலக்கோடு பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றும் காலையில் மைதானத்துக்கு வரும் பையன்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "சார், பவுடர் எடுக்கலாமா?" என்பதுதான்.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்வதில்லை. முதலில் கணக்குப் போடச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ பையனுக்கு 50 கிராம் ஆகிறது. கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் 1.4 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். குறைந்த அளவை எடுத்துக்கொண்டாலே 84 கிராம் வேண்டும்.

இப்போது வீட்டுச் சாப்பாட்டைப் பாருங்கள். 150 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களியில் 10 கிராம். 200 கிராம் அரிசியை வடித்த சோற்றில் 14 கிராம். மூன்று முட்டையில் 18. ஒரு கை நிலக்கடலை, அதாவது 50 கிராமில் 12. அதே அளவு கொள்ளைக் கடைந்தாலோ கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தாலோ 10. அரை லிட்டர் பாலில் 16. கூட்டினால் 80, ஏறக்குறைய தேவையான அளவு வந்துவிடுகிறது. பல பையன்கள் காலையில் ஒரு டீ, மதியம் சோறும் ரசமும், ராத்திரி களி என்று ஓட்டுகிறார்கள். குறை இருப்பது உண்மைதான். அதை முட்டையும் கடலையும் அடைக்கும். பவுடர் கிலோ 2,500 ரூபாய் என்றால், 24 கிராம் புரதம் தரும் ஒரு ஸ்கூப், அதாவது டப்பாவோடு வரும் கரண்டியில் ஒரு அளவு, ஏறக்குறைய 80 ரூபாய். அதே 24 கிராம் நான்கு முட்டையில் கிடைக்கிறது, அதில் பாதிக் காசுகூட ஆகாது.

ஓசூரில் ஷிப்ட் முடித்து, அறையில் சமைக்க வழியில்லாமல் ஜிம்முக்குப் போகும் பையன்களின் நிலை வேறு. அவர்களுக்கு வே புரோட்டீன் ஒரு வசதி, அவ்வளவுதான். பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது அது, மந்திரம் ஒன்றும் இல்லை. மாஸ் கெய்னரை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். எது அதிகமோ அதைத்தான் டப்பாவின் சேர்மானப் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. மாஸ் கெய்னர் டப்பாக்களில் பெரும்பாலும் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. அந்தக் காசுக்கு வீட்டுக்கு எத்தனை நாள் பால் வாங்கலாம்!

நிறைய ஆராயப்பட்டது, உண்மையிலேயே வேலை செய்வது என்றால் கிரியேட்டின், தசைக்குச் சட்டென்று சக்தி கிடைக்க உதவும் பொருள். தினம் 3 முதல் 5 கிராம் போதும். ஆனால் அது எதற்கு உதவும் என்று தெரிந்து வாங்க வேண்டும். எடை தூக்குவது, குறுகிய வேக ஓட்டம் போன்றவற்றுக்கு உதவும். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதற்கு நுரையீரலும் இதயமும் மாதக்கணக்கில் பழக வேண்டும். கிரியேட்டின் உடம்பில் நீரைத் தேக்கி ஒன்றிரண்டு கிலோ எடையைக் கூட்டும், ஓடுகிறவனுக்கு அது சுமை. இன்னொன்று, அதைச் சாப்பிடுபவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் அளவு சற்று உயர்ந்து காட்டலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

என் கவலை எல்லாம் விற்கும் இடத்தைப் பற்றித்தான். ஜிம் மாஸ்டரே ஆலோசனை சொல்கிறார், அவரே டப்பாவும் விற்கிறார். பில் கிடையாது. 2024ல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்தபோது சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் எழுதிய புரத அளவு சரியாக இல்லை. பெயர் பெற்ற டப்பாவுக்கே இந்தக் கதி என்றால், பிரித்து பாலித்தீன் பையில் நிறுத்துக் கொடுப்பதை எப்படி நம்புவது? அப்புறம், அறுவை சிகிச்சையின்போது இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றப் போடும் மெஃபென்டர்மைன் ஊசியை, தசை புடைக்கும் 'பம்ப்' வரும் என்று போட்டுக்கொள்ளும் பழக்கமும் பரவுகிறது. அது சப்ளிமென்ட் அல்ல, மருந்து. இதயத்தைக் கெடுத்துவிடும். எந்தப் பெற்றோரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, வாங்கும் எவரும் விற்பவரிடம் வாங்கும்போதே சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி மாதிரியைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். பொருள் சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் கூலி வேலை செய்யும் வீட்டுப் பையன் இதற்கெல்லாம் அலைய முடியுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களே ஜிம்களில் மாதிரி எடுக்க வேண்டும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லும் இல்லாமல் விற்பதைத் தடுக்க வேண்டும். காவலர் தேர்வு அறிவிப்பு வரும் மாதங்களில்தான் விற்பனை சூடு பிடிக்கிறது. அதற்கு முன்பே சோதனை நடந்தால் நல்லது. முடிவுகளை உங்கள் இதழ் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.